எட்டாம் எண் எங்கே இருக்கிறது?

கோடை விடுமுறைக்கு இரண்டு வாரம் இருந்தபோது, பத்தாம் வகுப்பு அறிவியலுக்குத் துணையாக மாணவர்கள் வீட்டில் பார்க்கத்தக்க இணையதளங்களைத் தேர்ந்தெடுத்துத் தரும் வேலை என்னிடம் வந்தது. ஏழு தளங்களின் பட்டியலும், ஒவ்வொன்றுக்கும் நிரப்ப வேண்டிய இருபது கேள்விகள் கொண்ட ஒரு படிவமும் கொடுத்தார்கள். பாடப்பொருள் சரியாக இருக்கிறதா என்று சோதிக்கும் கேள்விகளில் எனக்குச் சிக்கல் இல்லை. பதினெட்டு ஆண்டுகளாக வகுப்பில் அதைத்தான் செய்துவருகிறேன். தோற்றம் பற்றி ஆறு கேள்விகள் இருந்தன. "வண்ணங்கள் கவர்ச்சியாக உள்ளனவா?", "பக்க அமைப்பு நேர்த்தியாக உள்ளதா?", "எழுத்துகள் தெளிவாக உள்ளனவா?" என்ற வகையிலான அவற்றுக்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போட வேண்டும். ஒரு மணி நேரத்தில் ஏழு தளங்களையும் முடித்துவிட்டேன். அவ்வளவு விரைவாக முடிந்ததே தவறு என்பது அப்போது தெரியவில்லை.

மறுநாள், அதே படிவத்தை நிரப்பியிருந்த வேறு இரண்டு ஆசிரியைகளின் தாள்களோடு என்னுடையதை ஒப்பிட்டபோதுதான் ஐயம் எழுந்தது. ஒரு தளத்தின் பக்க அமைப்புக்கு நான் ஐந்து கொடுத்திருந்தேன்; கணித ஆசிரியை இரண்டு கொடுத்திருந்தார்; மூன்றாமவர் நான்கு. ரசனை ஆளுக்கு ஆள் மாறும் என்று சொல்லிச் சராசரி எடுத்துவிடலாம். படிவமும் அதைத்தான் எதிர்பார்த்தது. ஆனால் விசாரித்துப் பார்த்தால் காரணம் ரசனை அல்ல. நான் ஆசிரியர் அறையிலிருந்த பெரிய திரையில் பார்த்திருந்தேன். கணித ஆசிரியை பேருந்தில் வரும்போது கைபேசியில் பார்த்திருந்தார். மூன்றாமவர் ஆய்வகத்தின் பழைய கணினியில் பார்த்திருந்தார். மூவரும் ஒரே முகவரியைத் திறந்தோமே தவிர, ஒரே பக்கத்தைப் பார்க்கவில்லை. எங்கள் மாணவர்களில் பெரும்பாலோர் பார்க்கப்போவது அப்பாவின் கைபேசியில், அதுவும் அவர் வேலை முடிந்து வீடு திரும்பிய பிறகு. ஆகவே நான் போட்ட ஐந்து, அந்த மாணவர்களைப் பற்றி எதையும் சொல்லவில்லை. என் மேசையைப் பற்றித்தான் சொன்னது.

இன்னொரு குற்றமும் என்மேல் இருந்தது. அந்தத் தளத்தின் முகப்பு மிக அழகானது. அந்த அழகு உள்பக்கங்களுக்கும் மதிப்பெண் வாங்கிக் கொடுத்துவிட்டது. இது என் பலவீனம் மட்டும் அல்ல என்பதை ஆறுதலுக்காகச் சொல்லிக்கொள்கிறேன். 1995-இல் ஜப்பானின் ஹிட்டாச்சி வடிவமைப்பு மையத்தைச் சேர்ந்த மசாக்கி குரோசுவும் காவோரி காஷிமுராவும் ஏடிஎம் திரையின் 26 வடிவங்களை 252 பேரிடம் காட்டி, எது அழகாக இருக்கிறது, எது பயன்படுத்த எளிதாகத் தோன்றுகிறது என்று கேட்டார்கள். அழகானதையே மக்கள் எளிதானது என்றார்கள். உண்மையில் எளிதாக்கும் ஏற்பாடுகளுக்கும் அந்தத் தீர்ப்புக்கும் இருந்த உறவு அதைவிட மெலிதாக இருந்தது. ஜப்பானியருக்கு மட்டும் உரிய பழக்கமாக இருக்கலாம் என்று நினைத்து இஸ்ரேலில் நோவாம் ட்ராக்டின்ஸ்கி அதைத் திரும்பச் செய்து பார்த்தார். அங்கும் அதுவே நடந்தது. பணம் எடுக்கும் திரையிலேயே இப்படி என்றால், படங்கள் நிறைந்த பாடப் பக்கத்தில் என் போன்ற ஒருத்தி ஏமாறுவதில் வியப்பில்லை.

எனவே படிவத்தை ஓரமாக வைத்துவிட்டு, மாணவர்கள் பார்ப்பதைப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். வடிவமைப்புக் குறைகளைக் கண்டுபிடிக்கப் பெருங்கூட்டம் தேவையில்லை, ஐந்து பேர் போதும் என்று, இணையதளங்களின் பயன்பாட்டு எளிமையை ஆராயும் யாக்கோப் நீல்சன் 2000-இல் எழுதியதைப் படித்திருக்கிறேன். முதல் ஐந்து பேரிலேயே சுமார் 85 விழுக்காடு சிக்கல்கள் தென்பட்டுவிடும் என்பது அவருடைய கணக்கு. யார் எவ்வளவு கற்றார்கள் என்று அளக்க அந்த எண்ணிக்கை போதாது; எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று பார்க்கப் போதும். ஐந்து பிள்ளைகள், ஒரு கைபேசி, ஒரு பாடம்: மனித இதயத்தின் அமைப்பு.

முதலில் திறந்த தளத்தில் இதயத்தின் குறுக்குவெட்டுப் படம் பெரிதாக, நல்ல வண்ணத்தில் இருந்தது. படத்தின் மேல் 1 முதல் 12 வரை எண்கள். எண்களுக்குரிய பெயர்கள் படத்துக்குக் கீழே ஒரு பட்டியலாக இருந்தன. அதற்கும் கீழே, "இடது ஆரிக்கிளிலிருந்து ரத்தம் ஈரிதழ் வால்வு வழியாக இடது வெண்ட்ரிக்கிளை அடைகிறது" என்ற வகையில் விளக்கம் போய்க்கொண்டிருந்தது. என் பெரிய திரையில் இம்மூன்றும் ஒரே பார்வையில் அடங்கியிருந்தன. கைபேசியில் படம் ஒரு திரை, பட்டியல் ஒரு திரை, விளக்கம் இரண்டு திரை. விளக்கத்தில் ஈரிதழ் வால்வு என்று வந்தவுடன் மாணவி மேலே போய்ப் பட்டியலில் அதன் எண் எட்டு என்று பார்த்து, இன்னும் மேலே போய்ப் படத்தில் எட்டைத் தேடி, கண்டுபிடித்து, மறுபடி கீழே வந்து விட்ட வரியைத் தேடினாள். மூன்றாவது முறை இப்படிப் போய் வந்த பிறகு சொன்னாள்: "மிஸ், மேல போயிட்டு வரதுக்குள்ள எந்த நம்பர்னே மறந்துடுது." அவள் நல்ல நினைவாற்றல் உள்ள பெண். அவளுடைய நினைவாற்றல் முழுவதையும் எட்டு என்ற எண்ணைத் தூக்கிச் சுமப்பதிலேயே அந்தப் பக்கம் செலவழிக்க வைத்துவிட்டது. வால்வு எதற்காக இருக்கிறது என்று யோசிக்க மிச்சம் எதுவும் இல்லை.

இதற்கு ஆய்வாளர்கள் வைத்திருக்கும் பெயர் கவனப் பிளவு. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் ஸ்வெல்லரும் பால் சாண்ட்லரும் 1990-களின் தொடக்கத்தில் இதைத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். படமும் அதன் விளக்கமும் தனித்தனி இடங்களில் இருந்து, ஒன்றில்லாமல் மற்றது புரியாது என்ற நிலை வந்தால், இரண்டையும் மனத்துக்குள் ஒட்டவைக்கும் வேலை கற்பவரின் தலையில் விழுகிறது; விளக்கத்தைப் படத்துக்குள்ளேயே உரிய இடத்தில் எழுதிவிட்டால் அந்த வேலை மறைகிறது. கலிபோர்னியாவின் சான்டா பார்பராவில் ரிச்சர்ட் மேயர் இதையே இட நெருக்கம் என்ற கொள்கையாகச் சொல்கிறார். ஆசிரியர்களுக்கு இது புதிதல்ல. கரும்பலகையில் இதயத்தை வரையும் எவரும் எண் போட்டுப் பக்கவாட்டில் பட்டியல் எழுதுவதில்லை. வால்வை வரைந்த கையோடு அதன் அருகிலேயே பெயரை எழுதி, சொல்லிக்கொண்டே விரலால் தொட்டுக் காட்டுகிறோம். கரும்பலகையில் தெரிந்திருந்த ஒன்றை இணையப் பக்கத்தில் ஏன் கேட்கத் தோன்றவில்லை என்பதுதான் எனக்கு வெட்கமாக இருந்தது.

சாண்ட்லர், ஸ்வெல்லர் ஆய்வுகளில் ஒன்று இதயம், நுரையீரல், உடல் ஆகியவற்றுக்கிடையே ரத்தம் ஓடும் படத்தையே எடுத்துக்கொண்டது என்பது தற்செயலான பொருத்தம். அதில் அவர்கள் கண்டது மேலே சொன்னதற்கு நேர் எதிர்போலத் தோன்றும். அந்தப் படம் தானாகவே புரியும்படி இருந்ததால், படத்துக்குள் எழுதிச் சேர்த்த வாக்கியங்கள் உதவவில்லை. படத்தை மட்டும் பார்த்தவர்களே நன்றாகக் கற்றார்கள். அம்புக்குறி சொல்லிவிட்டதை வாக்கியம் திரும்பச் சொன்னால், கண் இரண்டையும் பார்த்து இரண்டும் ஒன்றுதானா என்று சரிபார்க்கும் வீண் வேலையில் இறங்குகிறது. ஆகவே "படமும் எழுத்தும் சேர்ந்து உள்ளனவா?" என்று கேட்டு ஐந்து மதிப்பெண் போடுவதும் போதாது. இந்த எழுத்து இல்லாமல் இந்தப் படம் புரியுமா என்று கேட்க வேண்டும். புரியாது என்றால் இரண்டுக்கும் நடுவே எத்தனை திரை தூரம் என்று அளக்க வேண்டும். ஒவ்வொரு தளத்திலும் ஒரு பாடத்தை எடுத்து, விளக்கத்திலிருந்து படத்துக்கு எத்தனை முறை விரலால் நகர்த்த வேண்டியிருக்கிறது என்று எண்ணிக் குறித்தேன். முதல் தளத்தில் பதினான்கு முறை. அதுதான் நான் ஐந்து மதிப்பெண் கொடுத்த தளம்.

இதய படத்தில் இன்னொரு பழைய தொல்லையும் உண்டு. படத்தின் இடப்பக்கத்தில் தெரிவது இதயத்தின் வலப்பக்கம். எதிரே நிற்கும் ஒருவரின் இதயம் என்று ஆசிரியர் தன் நெஞ்சில் கைவைத்துக் காட்டினால் தீர்ந்துவிடும் குழப்பம் இது; ஆனால் ஒரு தளத்தின் பக்கத்தில் "வலது ஆரிக்கிள்" என்ற பத்தியைப் படத்தின் வலதுபுறமும் "இடது ஆரிக்கிள்" என்ற பத்தியை இடதுபுறமும் சமச்சீராக வைத்திருந்தார்கள். பார்ப்பதற்கு நேர்த்தியான அமைப்பு. ஐந்து பேரில் மூவர் அதைப் பார்த்து அறைகளை மாற்றிப் புரிந்துகொண்டார்கள்.

நெருக்கத்தை நன்றாகப் புரிந்துகொண்ட தளங்களும் இருக்கின்றன. நார்வேயில் 1998-இல் தொடங்கிய, இணையப் பக்கங்களுக்கு நிரல் எழுதக் கற்பிக்கும் டபிள்யூ3ஸ்கூல்ஸ் தளத்தை அழகானது என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அதன் பயிற்சிப் பக்கத்தில் நிரல் ஒரு பாதியிலும் அதன் விளைவு மறுபாதியிலும் இருக்கும், பக்கவாட்டில் இடம் போதாதவர்கள் மேலும் கீழுமாக மாற்றிக்கொள்ளவும் ஒரு பொத்தான் உண்டு. கண் நகர வேண்டிய தூரம் ஒரு கோட்டைத் தாண்டுவதுதான். ஐஐடி பம்பாயில் பேராசிரியர் கண்ணன் மௌட்கல்யா முன்னெடுத்த ஸ்போக்கன் டுடோரியல் திட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. மென்பொருள்களைக் கற்பிக்கும், சுமார் பத்து நிமிடம் ஓடும் அந்தக் காணொளிகளைப் பார்க்கும் முறையையே அவர்கள் கற்பிக்கிறார்கள்: திரையின் ஒரு பாதியில் காணொளி, மறுபாதியில் கற்கும் மென்பொருள், காணொளியில் செய்வதைப் பார், நிறுத்து, நீயும் செய். தமிழ்க் குரலோடு கிடைக்கும் பாடங்களிலும் இதே ஏற்பாடுதான். பக்க அமைப்பைத் தளத்தோடு நிறுத்தாமல் மாணவரின் மேசை வரை நீட்டிய யோசனை இது. கைபேசி மட்டுமே உள்ள பிள்ளைக்கு அந்த மறுபாதி இல்லை என்பதும் உண்மை. 2018 முதல் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் வந்துள்ள க்யூஆர் கோடுகளையும் இந்தக் கண்ணோட்டத்தில்தான் இப்போது பார்க்கிறேன்: கையில் கைபேசி, மடியில் புத்தகம், இரண்டுக்கும் நடுவே ஓடும் கண்.

நான் குறை சொன்ன படத்தை நானே வரைந்து பார்ப்பதுதான் நியாயம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். எண்களை எடுத்துவிட்டுப் பெயர்களைப் படத்திலேயே எழுதினால் முடிந்தது என்று நினைத்தேன். "இடது வெண்ட்ரிக்கிள்" படத்துக்குள் அடங்கவில்லை. எழுத்தைச் சிறிதாக்கினால் கைபேசியில் படிக்க முடியவில்லை. இரண்டு வரியாக உடைத்தால் பக்கத்து வால்வின் மேல் ஏறியது. கடைசியில் ஒரே படத்தில் பன்னிரண்டு பெயர்களையும் திணிப்பதை விட்டுவிட்டு, அறைகளுக்கு ஒரு படம், வால்வுகளுக்கு ஒரு படம், ரத்தக் குழாய்களுக்கு ஒரு படம் என்று மூன்றாக்கி, ஒவ்வொன்றின் அடியிலும் அதற்குரிய இரண்டு மூன்று வாக்கியங்களை மட்டும் வைத்தேன். ஆங்கிலப் பக்கத்தில் ஒரே படத்தில் முடிந்திருக்கக்கூடிய வேலை, தமிழில் மூன்று படமாயிற்று. நம் மொழியின் எழுத்தும் சொல்லும் பக்க அமைப்பிடம் வேறு இடம் கேட்கின்றன என்பதை அன்று கைநோக உணர்ந்தேன். படிவத்தில் இதைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை.

ஆங்கிலப் பக்கத்தில் எது முக்கியம் என்று காட்ட வடிவமைப்பாளரிடம் பல கருவிகள் இருக்கின்றன: பெரிய எழுத்து, சிறிய எழுத்து, சாய்வெழுத்து, தடித்த எழுத்து. தமிழில் பெரிய எழுத்து என்று தனியாக ஒன்று கிடையாது. சாய்வெழுத்து நம் மரபில் வளர்ந்ததல்ல. நேராக இருக்கும் வடிவத்தை இயந்திரம் தள்ளிச் சாய்ப்பதுதான், ஏற்கெனவே வளைவுகளால் நிறைந்த எழுத்து அதில் கலங்குகிறது. தடித்த எழுத்தை முறையாக வரைந்த எழுத்துரு இல்லையென்றால் உலாவி தானாகவே கோட்டைப் பருமனாக்கும். அப்போது ஞ, ண, ஐ போன்றவற்றின் உள்வளையங்கள் அடைத்துக்கொண்டு மைக்கறைபோல் தெரியும். மிஞ்சுவது அளவும் வண்ணமும் வெற்றிடமும்தான். ஆகவே ஒரு தமிழ்ப் பாடப் பக்கத்தில் தலைப்புக்கும் துணைத்தலைப்புக்கும் இடையிலான அளவு வேறுபாடும், ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்குமுன் விடப்படும் வெற்றிடமும், ஆங்கிலப் பக்கத்தில் செய்வதைவிடக் கூடுதலான வேலையைச் செய்ய வேண்டியிருக்கிறது. அந்த வெற்றிடத்தைத்தான் பலர் வீணாகிப் போகும் இடம் என்று நினைத்து முதலில் வெட்டுகிறார்கள்.

வரி இடைவெளி இன்னும் முக்கியம். தமிழில் வரிக்கு மேலே புள்ளியும் இகர, ஈகாரக் கொக்கிகளும் எழும். வரிக்குக் கீழே ற, ழ ஆகியவற்றின் காலும் மூ, ரு போன்றவற்றின் வாலும் இறங்கும். ஆங்கிலத்துக்கு என்று கணித்த இறுக்கமான இடைவெளியில் மேல்வரியின் வாலும் கீழ்வரியின் புள்ளியும் மோதிக்கொள்கின்றன. வேகமாகப் படிக்கும் நமக்கு அது உறுத்தாது. எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கு புள்ளி எந்த வரிக்குரியது என்பதே கேள்வி. இணைய அணுகல்தன்மைக்கான டபிள்யூ.சி.ஏ.ஜி. வழிகாட்டியின் மிக உயர்ந்த நிலை, பத்திக்குள் வரி இடைவெளி எழுத்தளவைப்போல் 1.5 மடங்காவது இருக்கட்டும் என்கிறது. தமிழுக்கு நான் அதைத் தொடக்கமாகவே எடுத்துக்கொள்வேன், 1.6, 1.7 என்று போனால்தான் என் கண்ணுக்கு நிம்மதி.

அதே வழிகாட்டி ஒரு வரிக்கு 80 குறிகளுக்கு மேல் வேண்டாம் என்கிறது. தமிழில் எதைக் குறி என்று எண்ணுவது? "கொடுக்கிறோம்" என்ற சொல்லில் நமக்கு ஆறு எழுத்துகள். கணினிகள் எழுத்துகளைச் சேமிக்கும் பொது முறையான யூனிகோடு கணக்கில் பன்னிரண்டு குறியீடுகள். கணினியை எண்ணச் சொன்னால் ஒன்று, தமிழாசிரியரை எண்ணச் சொன்னால் வேறு. நான் எழுத்துகளை விட்டுவிட்டுச் சொற்களை எண்ணுகிறேன்: பெரிய திரையில் ஒரு வரியில் ஆறு முதல் எட்டுச் சொற்கள் இருந்தால், வரி முடிந்து அடுத்த வரியின் தலையைக் கண் தவறாமல் பிடிக்கிறது. கைபேசியில் மூன்று நான்கு சொற்களே அமையும். அங்கே இருபுறமும் விளிம்பை நேராக்கும் ஆசையை விட்டுவிட வேண்டும். நம் சொற்கள் நீளமானவை. வரிக்கு மூன்று சொற்கள் இருக்கும்போது இருபுறமும் இழுத்துக் கட்டினால் சொற்களுக்கிடையே வாய்க்கால் ஓடும். ஏழு தளங்களில் நான்கில் அந்த வாய்க்கால் இருந்தது. மொழிபெயர்க்கப்பட்ட ஒரு தளத்தில், ஆங்கிலச் சொல்லுக்கு அளவெடுத்துத் தைத்த பொத்தானுக்குள் "சமர்ப்பிக்கவும்" அடங்காமல் "சமர்ப்பிக்" என்று நின்றிருந்தது. ஒரு மாணவன் அதைப் பிழையான சொல் என்று நினைத்து அழுத்தாமலேயே விட்டுவிட்டான்.

எழுத்துருவைத் தளம் தானாகக் கொண்டுவராவிட்டால், அந்தந்தக் கருவியில் உள்ளது வந்து உட்காரும்: பழைய விண்டோஸில் லதா, பிற்பாடு வந்தவற்றில் நிர்மலா யூஐ, ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் நோட்டோ. ஒரே 16 பிக்சல் என்று சொன்னாலும் ஒவ்வொன்றிலும் எழுத்து வேறு அளவில் தெரியும். நடுவே ஆங்கிலச் சொல்லோ வேதியியல் குறியீடோ வந்தால் அது தமிழைவிடப் பெரிதாகவோ சிறிதாகவோ துருத்திக்கொண்டு நிற்கும். இதைத் தவிர்க்க என்று, பாடம் முழுவதையும் படமாக மாற்றி ஏற்றியிருந்த ஒரு தளத்தையும் பார்த்தேன். எழுத்து எங்கும் ஒரே மாதிரி தெரிந்தது. பெரிதாக்கினால் மங்கியது, தேட முடியவில்லை, பார்வையற்ற மாணவருக்கு ஒரு சொல்கூடக் கேட்காது. யூனிகோடு வந்து இத்தனை காலம் ஆன பிறகு இதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது.

வண்ணத்தைப் பற்றிப் படிவம் கேட்டது கவர்ச்சியை. கேட்க வேண்டியது வேறுபாட்டை. இதற்குத் துல்லியமான அளவு இருக்கிறது. எழுத்தின் ஒளிர்வுக்கும் பின்னணியின் ஒளிர்வுக்கும் உள்ள விகிதம் சாதாரண அளவு எழுத்துக்கு 4.5-க்கு 1 என்றாவது இருக்க வேண்டும், பெரிய எழுத்துக்கு 3-க்கு 1 போதும் என்பது 2008-இல் வந்த டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.0 முதல் நிலைத்திருக்கும் விதி. வெள்ளையில் கறுப்பு 21-க்கு 1. நாகரிகமான சாம்பல் என்று பலரும் பயன்படுத்தும், கணினியில் 777777 என்ற குறியீடு கொண்ட நிறம் 4.48, மயிரிழையில் தோற்கிறது. ஆசிரியர்களாகிய நாம் அடிக்கடி கையில் எடுக்கும் முழுச் சிவப்பு, வெள்ளையில் 4-க்கு 1 மட்டுமே. முக்கியம் என்று நினைத்துச் சிவப்பில் எழுதுவது சாதாரண வாக்கியத்தைவிட மங்கலாகத் தெரிகிறது. வெள்ளையில் மஞ்சளைப் பற்றிப் பேசவே வேண்டாம். இந்த விகிதம் கோட்டின் பருமனைக் கணக்கில் எடுப்பதில்லை. மெல்லிய கோடுகளால் ஆன தமிழ் எழுத்துருவில் 4.5 என்பது ஏட்டளவில் தேர்ச்சி, கண்ணளவில் இல்லை. இதயப் படத்தில் இன்னொரு சோதனையும் செய்தேன்: கைபேசியின் நிறங்களை அணைத்துச் சாம்பலாக்கிப் பார்த்தபோது, ஆக்சிஜன் உள்ள சிவப்பு ரத்தமும் அற்ற நீல ரத்தமும் ஏறக்குறைய ஒரே சாம்பலாயின. நிறங்களே தெரியாத அரிதான வகை நிறக்குருடுள்ள பிள்ளைக்கும், கறுப்பு வெள்ளையில் நகலெடுத்துக் கொடுக்கும் தாளுக்கும் அந்தப் படத்தில் செய்தி கிடையாது. சிவப்புக் குழாயில் கோடும் நீலத்தில் புள்ளியும் போட்டிருந்தால் தீர்ந்திருக்கும்.

அசைவனவற்றைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தலைப்புக்கு மேல் ஓடும் செய்திப்பட்டையும், "புதிது" என்று மின்னும் சிவப்பு நட்சத்திரமும் இன்னும் உயிரோடு இருக்கின்றன. ஐந்து நொடிக்கு மேல் தானாக அசையும் எதையும் நிறுத்த வழி இருக்க வேண்டும் என்பது விதி. பாடம் படிக்கும் பக்கத்தில் அது தொடங்கவே வேண்டியதில்லை என்பது என் கருத்து. மெனுவைத் திறக்கும் மூன்று கோட்டுச் சின்னத்தை ஐவரில் இருவர் தொட்டுப்பார்க்கவே இல்லை. அது படத்தின் அலங்காரம் என்று நினைத்தார்களாம். அடுத்த பாடம், முந்தைய பாடம் என்ற இரண்டு பொத்தான்கள் பக்கத்தின் அடியில் எழுத்தாலேயே இருந்தால் போதும்.

ஐந்து பேரையும் கட்டிப்போட்ட பக்கம் ஒன்றே ஒன்றுதான், அது பட்டியலில் இல்லாதது. இயற்பியலுக்கான 2001-ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கார்ல் வீமன் அடுத்த ஆண்டு கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபெட் என்ற திட்டத்தின் மின்சுற்றுச் செயலி. தமிழ் உட்படப் பல மொழிகளில் ஃபெட் செயலிகள் கிடைக்கின்றன. அந்தப் பக்கத்தில் செய்முறை விளக்கம் என்று எதுவும் இல்லை. ஓரத்தில் மின்கலமும் கம்பியும் விளக்கும் இருக்கின்றன. நடுவே காலி இடம். பிள்ளைகள் யாரும் சொல்லாமலேயே கம்பியை இழுத்து நடுவில் வைத்தார்கள். சுற்று மூடியவுடன் எலக்ட்ரான்கள் நகர்ந்தன, விளக்கு எரிந்தது. எதைச் செய்தார்களோ அங்கேயே விடை. ஒவ்வொரு செயலியையும் மாணவர்களிடம் கொடுத்து, அவர்கள் யோசிப்பதை உரக்கச் சொல்லச் சொல்லிக் கேட்டு, அதன்படி திருத்துவது அந்தக் குழுவின் வழக்கம். நான் ஒரு மாலையில் செய்ததை அவர்கள் தொழிலாகவே செய்கிறார்கள்.

படிவத்தை இப்போது மாற்றி எழுதிக் கொடுத்திருக்கிறேன். முதல் கேள்வி, எந்தத் திரையில் பார்த்தீர்கள் என்பது. அடுத்து, ஒரு பாடத்தைத் திறந்து கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் மங்கலாக முதலில் தெரிவது எது, அது பாடமா, தளத்தின் சின்னமா, விளம்பரமா என்பது. பிறகு, விளக்கத்திலிருந்து படத்துக்கு எத்தனை முறை போய்வந்தீர்கள். எழுத்தை இரு மடங்காக்கினால் ஏதாவது வெட்டுப்படுகிறதா. நிறமில்லாமல் படம் புரிகிறதா. பொத்தானில் சொல் முழுமையாக இருக்கிறதா. மதிப்பெண் இல்லை, விடையை எழுத வேண்டும். ஒரு தளத்துக்கு நாற்பது நிமிடம் ஆகிறது என்று கணித ஆசிரியை முறையிட்டார். உண்மைதான், எனக்கும் இரண்டு சனிக்கிழமைகள் போயின.

ஏழில் மூன்றைத்தான் மாணவர்களுக்குச் சொன்னோம். நான் ஐந்து மதிப்பெண் கொடுத்தது அதில் இல்லை. அதன் முகப்பில் சுழலும் விண்மீன் மண்டலம் அழகானது என்பதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த மண்டலத்துக்குள் பத்தாம் வகுப்பு உயிரியல் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க நான்கு பிள்ளைகளுக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. ஐந்தாமவன் வெளியே போய்க் கூகுளில் தேடி, பின்வாசல் வழியாக உள்ளே வந்தான்.